எத்தனை பேர் ஒரு படைப்பிரிவு?

நம் நாளிதழ்களில் அயல்நாட்டுப் போர்ச் செய்திகளை வாசிப்பவர்களுக்கு ஒரு சொல் நன்கு பழகியிருக்கும்: படைப்பிரிவு. பத்துப் பேர் ஒரு பாலத்தைக் காவல் காத்தாலும் படைப்பிரிவு, இருபதாயிரம் பேர் ஓர் எல்லையைக் கடந்தாலும் படைப்பிரிவு. செய்திக்கு இது போதும். எவ்வளவு பேர் என்பதை ஊகித்துக்கொண்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடலாம். நாவலுக்கு இது போதாது. சில ஆண்டுகளாக ஜெர்மானியப் போர் நாவல்களை வாசித்து, பிடித்த பக்கங்களைத் தமிழில் எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அச்சிடும் நோக்கமெல்லாம் இல்லை. ஒரு பக்கத்தை முழுமையாக வாசிக்க அதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை என்பதால்தான். அப்படி எழுதும்போதெல்லாம் தடுக்கிவிடுவது காதலோ மரணமோ அல்ல, இந்தப் படைப்பிரிவுதான்.

நம்மிடம் ஏணி இல்லாமல் இல்லை. பாரதத்தில் ஒரு யானை, ஒரு தேர், மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம், மூன்று சேனாமுகம் ஒரு குல்மம் என்று மும்மூன்றாகப் பெருகி, அனீகினியில் வந்து நின்று, அதைப் பத்தால் பெருக்க அக்குரோணி. கணக்கு அழகானது. ஆனால் அது பெருக்கல் வாய்பாடு மட்டுமே. குல்மத்தின் தலைவன் தன் வீரனைத் தண்டிக்கலாமா, அவனுடைய சோற்றுக்கு யார் பொறுப்பு என்று அது பேசுவதில்லை. ஜெர்மானிய ஏணி அதைத்தான் பேசுகிறது.

கீழிருந்து ஏறினால் முதலில் வருவது குழு, அவர்கள் சொல்வது க்ரூப்பே. எட்டு முதல் பன்னிரண்டு பேர். இன்றைய ‘பூமா’ கவச ஊர்தியில் ஓட்டுநர், சுடுபவர், தலைவர் என மூவரும், இறங்கிப் போரிடும் ஆறு பேரும் இருப்பார்கள். ஒரு வண்டிக்குள் அடங்கும் உலகம். குழுக்கள் சில சேர்ந்தால் ட்சூக். ஏறத்தாழ முப்பது பேர், சில இடங்களில் அதற்கும் மேல். இந்தச் சொல் ஒரு தனித் தொல்லை. ட்சூக் என்றால் ரயில். ஊர்வலம், சதுரங்கத்தில் ஒரு நகர்த்தல், ஒரு மடக்கு பானம், முகத்தின் ஒரு சாயல் எல்லாமும்கூட. இழுப்பது என்ற வேரிலிருந்து கிளைத்தவை. ஹைன்ரிஷ் பியோலின் 1949ஆம் ஆண்டு நாவலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அங்கே அது போர்முனைக்குச் செல்லும் ரயில். அந்த ரயிலுக்குள் படைவீரர்கள்.

அதற்கு மேல் கம்பெனி. அறுபது பேரிலிருந்து இருநூறுக்குச் சற்று மேல் வரை. தலைவர் ஹௌப்ட்மன், நேர்ப்பொருளில் ‘தலை மனிதர்’. கம்பெனிகள் சில சேர்ந்தால் பட்டாலியன். இதைத்தான் நம்மவர்கள் எப்போதோ பட்டாளம் என்று ஆக்கிக்கொண்டு, யாராவது ராணுவத்தில் சேர்ந்தாலே ‘பட்டாளத்துக்குப் போய்விட்டான்’ என்றார்கள். பட்டாலியன்கள் சேர்ந்து பிரிகேட், பிரிகேடுகள் சேர்ந்து டிவிஷன், அதற்கும் மேல் கோர். பீரங்கிப் படையில் கம்பெனிக்குப் பெயர் பேட்டரி, விமானப்படையில் ஷ்டாஃபெல். பெயர்தான் வேறு, படி ஒன்றே. டாங்கிப் படையில் கணக்கு இன்னும் துல்லியம். லெப்பர்ட் 2 டாங்கிக்கு நான்கு பேர், ட்சூக்குக்கு நான்கு டாங்கிகள், கம்பெனிக்கு 14, பட்டாலியனுக்கு 44.

ஆனால் என்னை நிறுத்திய இடம் எண்கள் அல்ல. ஜெர்மானியர் இந்தப் படிகளுக்கெல்லாம் பொதுவான வகைப்பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ‘ஐன்ஹைட்’ என்றால் ஒருமை, அலகு. அந்தப் பெயர் கம்பெனிக்கு மட்டுமே உரியது. குழுவும் ட்சூக்கும் ‘பகுதி அலகுகள்’. பட்டாலியன் அலகு அல்ல, ‘ஃபெர்பாண்ட்’, அதாவது கட்டு. புண்ணுக்குப் போடும் கட்டுக்கும் இதே சொல்தான், தமிழின் ‘கட்டு’ போலவே. பிரிகேடும் அதற்கு மேற்பட்டவையும் பெருங்கட்டுகள். ஆக, கம்பெனிக்குக் கீழே இருப்பதெல்லாம் துண்டு, மேலே இருப்பதெல்லாம் மூட்டை. முழுமை என்று ஒன்று இருந்தால் அது கம்பெனிதான்.

ஏன் கம்பெனி? சொல்லின் மூலத்திலேயே ஒரு விடை இருக்கிறது. லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ரொட்டியைப் பகிர்ந்துண்பவர்கள் கம்பெனி. (கும்பினியாரிடம் இரண்டு நூற்றாண்டுகள் பட்டவர்களுக்கு இந்தச் சொல்லில் ரொட்டி வாசம் வராதுதான்.) ரெமார்க்கின் 1929ஆம் ஆண்டு நாவலை வாசித்தவர்களுக்கு அதன் முதல் அத்தியாயம் நினைவிருக்கும். இரண்டாம் கம்பெனியின் 150 பேருக்குச் சமையல்காரன் சமைத்து வைத்திருக்கிறான். முன்னணியிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். மீதிச் சோற்றை என்ன செய்வது என்பதுதான் அங்கே சண்டை. இறந்தவர்களை அந்த நாவல் முதலில் எண்ணுவது கல்லறையில் அல்ல, அண்டாவில். ஆறாம் அத்தியாய இறுதியில் அதே கம்பெனியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எஞ்சியிருப்பவர்கள் 32 பேர். பட்டாலியனுக்கு எத்தனை பேர் இழப்பு என்று ரெமார்க் சொல்லியிருந்தால் அது போர் வரலாறு. கம்பெனிக்கு என்று சொல்வதால் நாவல். இந்த இடத்தில் ‘படைப்பிரிவு’ என்று எழுதினால் அண்டாவைக் கவிழ்த்துவிட்டோம் என்று பொருள்.

பியோல் வேறு திசையிலிருந்து வருகிறார். 1951இல் வெளிவந்த ‘ஆதாமே, நீ எங்கிருந்தாய்?’ நாவலின் தொடக்கத்தில் ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்தின் முன் ஒரு ஜெனரலின் முகம் கடந்து செல்கிறது. பிறகு கர்னல், பிறகு கேப்டன் என்று அதிகாரம் ஒவ்வொரு படியாக இறங்க, எதிரில் நிற்கும் கூட்டமும் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஃபைன்ஹால்ஸ் என்ற ஒரு மனிதன் தெரிகிறான். ராணுவ அமைப்பு விளக்கப்படத்தை இலக்கியமாக்கிய வேறு பக்கங்களை நான் வாசித்ததில்லை. போர்க்காலத்தில் இந்த மனிதனுக்கு வீட்டிலிருந்து கடிதம் எழுதினால் உறையின் மேல் ஊரோ ரெஜிமெண்டோ இருக்காது. ஐந்து இலக்க எண் ஒன்று, பெரும்பாலும் அதன் பின்னால் கம்பெனியைக் குறிக்கும் ஓர் எழுத்து. எதிரி அறியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. தாய்க்கும் அவன் எங்கே என்று தெரியாது. அவனுடைய கம்பெனியின் எண் மட்டும் தெரியும்.

இதுவரை சொன்னது கம்பெனியின் கனிவான முகம். இன்னொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதுவது நேர்மையாகாது.

1941 அக்டோபர், பெலாரஸ். ஜெர்மானியத் தரைப்படையின் 691ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் சில கிராமங்களில் பரவித் தங்கியிருக்கிறது. பட்டாலியன் தளபதி தன் மூன்று கம்பெனித் தலைவர்களுக்கும் ஒரே கட்டளையை அனுப்புகிறார்: தத்தம் பகுதியிலுள்ள யூதர்கள் அனைவரையும், பெண்கள் குழந்தைகள் உட்பட, கொல்ல வேண்டும். இரண்டாம் கம்பெனியின் தலைவர் தயங்காமல் நிறைவேற்றினார். முதல் கம்பெனியின் தலைவர் யோசஃப் ஸிபில்லே மறுத்துவிட்டார். தன் கம்பெனி இதைச் செய்யாது என்றார், செய்யவில்லை. அவருக்குப் பெரிய தண்டனை எதுவும் வரவில்லை. மூன்றாம் கம்பெனியின் தலைவர் இரண்டுக்கும் நடுவில் நின்றார். கட்டளையை எழுத்தில் உறுதிப்படுத்தும்படி கேட்டார். உறுதிப்படுத்தும் தாள் வந்தது. உடனே பொறுப்பைத் தன் கம்பெனியின் மூத்த சார்ஜெண்டிடம் ஒப்படைத்தார். க்ருச்சா என்ற கிராமத்தில் ஏறத்தாழ 150 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1954இல் டார்ம்ஷ்டாட் நீதிமன்றம் அந்தத் தலைவரையும் சார்ஜெண்டையும் தண்டித்தது. வரலாற்றாசிரியர் வைட்மன் பியோர்ன் 2014இல் வெளியிட்ட நூலில் இது விரிவாக வருகிறது.

ஒரே ரெஜிமெண்ட், ஒரே பட்டாலியன், ஒரே வாக்கியம், மூன்று கம்பெனிகள். ‘அமைப்பு அப்படி, தனிமனிதன் என்ன செய்ய முடியும்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அமைப்பு மூன்று முறையும் ஒன்றுதான். ஹௌப்ட்மன் என்ற இடத்தில் மட்டும் மூன்று விதமாகக் கிளை பிரிந்தது. மேலே இருப்பவர் தாளில் எழுதுகிறார், கீழே இருப்பவர் துப்பாக்கியைத் தூக்குகிறார். தாள் துப்பாக்கியாக மாறும் இடம் கம்பெனி. என்னை அதிகம் தொந்தரவு செய்வது தயங்காமல் நிறைவேற்றியவர் அல்ல, மூன்றாமவர். அந்த மூத்த சார்ஜெண்ட் பதவிக்கு ஜெர்மானிய ராணுவத்தில் ‘ஷ்பீஸ்’, ஈட்டி, என்று செல்லப்பெயர். ‘கம்பெனியின் தாய்’ என்றும் சொல்வார்கள், இன்றும் சொல்கிறார்கள். தோளில் மஞ்சள் கயிறு அணிந்து, வீரர்களின் உணவு, விடுப்பு, வீட்டுக் கவலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். க்ருச்சாவில் வேலை அந்தத் தாயிடம் போயிற்று.

1955 நவம்பர் 12 அன்று மேற்கு ஜெர்மனியின் புதிய ராணுவமான பண்டஸ்வேரின் முதல் 101 பேருக்கு நியமனத் தாள்கள் வழங்கப்பட்டன. பிரஷ்ய ராணுவச் சீர்திருத்தவாதி ஷார்ன்ஹோர்ஸ்டின் இருநூறாவது பிறந்தநாள் அது. புதிய ராணுவத்தை வடிவமைத்தவர்களில் வோல்ஃப் கிராஃப் ஃபொன் பாவுடிஸ்ஸின் முக்கியமானவர். ‘சீருடை அணிந்த குடிமகன்’ என்ற கருத்தை நிலைநாட்டியவர். அவரும் பழைய ராணுவத்திலிருந்து வந்தவர்தான், வேறு எங்கிருந்து வர முடியும்? ஏணியின் படிகளையும் பெயர்களையும் அவர்கள் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். மாற்றியது படிகளுக்கிடையே ஓடும் நரம்புகளை.

1956ஆம் ஆண்டின் படைவீரர் சட்டப்படி, குற்றமாக முடியும் கட்டளைக்குக் கீழ்ப்படியவே கூடாது. மனித மாண்பைக் குலைக்கும் கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் அது கீழ்ப்படியாமை ஆகாது. எந்த வீரரும் தன் மேலதிகாரிகளைத் தாண்டி, நாடாளுமன்றம் நியமிக்கும் ராணுவ ஆணையருக்கு நேரடியாக எழுதலாம். கம்பெனியின் முழுமையும் சட்டமொழியில் பதிந்திருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தொடங்குவது கம்பெனித் தலைவரிடத்தில்தான். ட்சூக்கின் தலைவர் திட்டலாம், தண்டிக்க முடியாது. அதேசமயம் கம்பெனித் தலைவரும் கண்டிக்கலாம், அபராதம் விதிக்கலாம், வெளியே செல்வதைத் தடுக்கலாம், அவ்வளவே. காவலில் அடைப்பதற்குப் பட்டாலியன் தளபதி வேண்டும், அவருக்கும் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு சிறிய விதி. தலைவர் ஒரு குற்றத்தை அறிந்த அன்றே தண்டிக்கக் கூடாது, ஓர் இரவு கழிய வேண்டும். வீரரும் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி உடனே புகார் கொடுக்கக் கூடாது, அவருக்கும் ஓர் இரவு கழிய வேண்டும், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கொடுக்கலாம். ஆறுவது சினம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அதை ஆயுதம் தாங்கிய அமைப்பு ஒன்றின் சட்டத்தில், ‘ஓர் இரவு’ என்ற அதே சொற்களில் எழுதி வைத்திருப்பது எனக்குப் புதிது. அதிகாரத்துக்கும் ஆத்திரத்துக்கும் ஒரே அளவு தூக்கம்.

இதை அப்படியே கொண்டாடிவிடவும் மனம் வரவில்லை. காத்திருக்கும் கடமை தண்டனைக்கும் புகாருக்கும்தான், கட்டளைக்கு அல்ல. போரில் கட்டளை இரவு கழியும்வரை காத்திருக்க முடியாது என்பது நியாயமே. தவிரவும், மூன்றாம் கம்பெனியின் தலைவருக்கு அவகாசம் கிடைக்கத்தானே செய்தது? எழுத்து வடிவம் கேட்டு அனுப்பிவிட்டு அது வரும்வரை இருந்தார். அந்த நேரத்தில் அவர் யோசித்தது மறுப்பதைப் பற்றியா, தாளைப் பற்றியா? தன்னைக் காப்பாற்றும் ஆவணத்துக்காகக் காத்திருப்பவனுக்கு எந்தச் சட்டம் எத்தனை இரவுகளைக் கொடுத்து என்ன பயன்? ஸிபில்லேவுக்கோ எந்தச் சட்டமும் துணைக்கு இல்லை.

ஏணியின் மேற்படிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 12 டிவிஷன்களும், 1980களில் 36 பிரிகேடுகளும் இருந்தன. கட்டாய ராணுவ சேவை 2011இல் நிறுத்திவைக்கப்பட்டது. தரைப்படை சுருங்கி, களத்தில் போரிடும் டிவிஷன்கள் மூன்றாயின. 2025இல் உள்நாட்டுப் பாதுகாப்புக்கென ஒன்று சேர்ந்தது. அந்த மூன்றின் கீழ் நெதர்லாந்தின் மூன்று தரைப்படை பிரிகேடுகளும் இணைக்கப்பட்டுள்ளன. 1940இல் ஜெர்மனி ஆக்கிரமித்த நாடு அது. 2025இல் லிதுவேனியாவில் 45ஆம் டாங்கி பிரிகேட் நிறுவப்பட்டது. பண்டஸ்வேர் வெளிநாடொன்றில் ஒரு முழு பிரிகேடை நிரந்தரமாக நிறுத்த முற்பட்டது இதுவே முதல்முறை. வில்னியூஸிலிருந்து பெலாரஸ் எல்லை முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இம்முறை அந்நாட்டவர் அழைத்துத்தான் வந்திருக்கிறார்கள், அது பெரிய வேறுபாடு. ஆனாலும் வரைபடத்தைப் பார்க்கும்போது க்ருச்சா எங்கே இருக்கிறது என்று என் விரல் தேடத்தான் செய்தது.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, க்ரூப்பேக்குக் ‘குழு’ என்றும், பட்டாலியனுக்குத் துணிந்து ‘பட்டாளம்’ என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கம்பெனியைக் கம்பெனி என்றே விட்டுவிட்டேன். வாசகர் முதல் பக்கத்தில் வணிக நிறுவனத்தை நினைத்தாலும் இரண்டாம் பக்கத்தில் அண்டா வந்துவிடும், தெளிந்துவிடுவார். டிவிஷனும் பிரிகேடும் நம் வாயில் ஏற்கெனவே பழகியவை. ட்சூக்குக்குத்தான் இன்னும் எதுவும் அகப்படவில்லை. ‘படைவரிசை’ என்று எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன்.