ஜாடி எத்தனை கிலோ?

"அத்தான், அந்தக் கேள்வியை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க, ப்ளீஸ்!" என்று காதைக் கடித்தான் மச்சினன்.

நான் கேட்டது ஒன்றும் மகா பாதகமில்லை. "இந்தப் பூ ஜாடி எத்தனை கிலோ இருக்கும்?" அவ்வளவுதான். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

இடம், ஜப்பானில் தகாவோகா. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரே வெண்கலத்தில் வாழ்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் தபால் பெட்டிகூட வெண்கல டோரேமான்! ஆமாம், நம் வீட்டு வாண்டுகள் டி.வி.யில் பார்க்கிற அதே பூனைதான். அதைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1933ல் பிறந்தது இந்த ஊரில். அதே வருஷம் முடிந்த வெண்கல புத்தர் கொஞ்சம் தள்ளி, சுமார் 16 மீட்டர் உயரத்தில், நிதானமாக உட்கார்ந்திருக்கிறார்.

நாங்கள் போனது கனயாமாச்சி என்கிற பழைய தெரு. இருபுறமும் மரக் கிராதி வைத்த வீடுகள். கல் பாவிய தரையில் ஆங்காங்கே செப்புத் துண்டுகள் மின்னுகின்றன. 1611ல் மயேதா தொஷினாகா என்ற பிரபு ஏழு வார்ப்புக்காரர்களை அழைத்து வந்து இங்கே குடிவைத்தாராம். முதலில் இரும்புச் சட்டி, கலப்பைக் கொழு. பிறகுதான் வெண்கலம்.

இந்த ஜாடிகளின் கதை தமாஷானது. 1876ல் ஜப்பான் அரசாங்கம், 'இனி இடுப்பில் வாள் கட்டக் கூடாது' என்று சட்டம் போட்டது. வாளின் கைப்பிடிக்கும் தடுப்புத் தகட்டுக்கும் தங்கம், வெள்ளி இழைத்துக்கொண்டிருந்த கைகளுக்குத் திடீரென்று வேலை இல்லை. என்ன செய்வார்கள்? அதே வேலையைப் பூ ஜாடியில் காட்டினார்கள். டிராகன், கொக்கு, அலை, மூங்கில்... 1873 வியன்னா கண்காட்சியிலேயே ஜப்பான் சாமான்களைப் பார்த்து ஐரோப்பாக்காரர்கள் மயங்கியிருந்தார்கள். ஜாடிகள் கப்பலேறின. வெட்டுகிற வாளுக்குச் செய்த அலங்காரம், பூ வைக்கிற ஜாடிக்கு வந்துவிட்டது!

செய்முறையைக் கேட்டால் நம் சுவாமிமலை நினைவு வரும். நுணுக்கமான ஜாடிகளுக்கு அதே மெழுகு வார்ப்பு. நம் ஸ்தபதிகள் பெரும்பாலும் கெட்டியாக வார்ப்பார்கள். ஜாடி உள்ளே கூடு. அதனால் நடுவே மண் கரு, அதன்மேல் மெழுகு, வெளியே மறுபடி மண். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடைவெளியில் வெண்கலக் குழம்பை ஊற்றுகிறார்கள்.

அதற்குமேல் நிறம் ஏற்றுவது இருக்கிறதே, அது சமையற்கட்டு சமாசாரம்! முள்ளங்கித் துருவலில் முக்கி ரசாயனக் கரைசலில் கொதிக்க வைக்கிறார்கள். ஊறிய தவிட்டைப் பூசி நெருப்பில் காட்டுகிறார்கள். பழுப்பு, பச்சை, செம்மை என்று நிறங்கள் எழும்பி வருகின்றன.

கடையில் ஒரு ஜாடி என் கண்ணைப் பறித்தது. நூறு வருஷப் பழசு போலக் கருத்த நிறம். அறுபதாயிரம் யென். நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல். வாங்கியே தீருவது என்று பர்ஸை எடுத்துவிட்டேன். கடைப் பெரியவர் கையை ஆட்டித் தடுத்தார். மச்சினன் மொழிபெயர்த்தான்: "பழசுன்னு நினைச்சு வாங்காதீங்கன்னு சொல்றார். நிறம்தான் பழசாம். ஜாடி போன வருஷம் செஞ்சதாம்."

அசந்துவிட்டேன். நிஜமான பழசு எங்கே என்று கேட்டேன். உள்ளேயிருந்து, துணி சுற்றிய மரப்பெட்டியில் ஒன்றைத் தூக்கி வந்தார். தோளில் இரண்டு கொக்குகள். விற்பதற்கு இல்லையாம். அப்போதுதான் கிலோ கேள்வி.

மச்சினன் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லை.

"ஒரு தடவை எடை போட்டிருக்காங்க" என்றார். 1941ல் யுத்தத்துக்காக உலோகம் சேர்க்க உத்தரவு வந்தது. கோயில் மணி, விளக்கு, வீட்டுப் பூ ஜாடி எல்லாம் உலைக்குப் போயின. இவர் வீட்டிலும் கொடுத்தார்கள். இந்த ஒன்றை மட்டும் அம்மா எப்படியோ கொடுக்காமல் வைத்துக்கொண்டாராம். யுத்தம் முடிந்ததும் பல கோயில்களுக்குப் புது மணி வார்த்துக் கொடுத்ததும் இதே ஊர்தான்.

எனக்கு என் பாட்டியின் வெண்கலப் பானை ஞாபகம் வந்தது. அடியில் பாட்டி பெயர் பொறித்திருக்கும். பொங்கலன்று மட்டும் இறங்கும். பாட்டி போன மறு வருஷம், பரணை அடைக்கிறது என்று நான்தான் கடைக்குத் தூக்கிப் போனேன். ஐந்தே முக்கால் கிலோ. 'தேய்மானம் போக நல்ல விலை' என்று பெருமை வேறு!

அங்கே ஜாடிகளை எடைக்குப் போட ஒரு உலக யுத்தம் தேவைப்பட்டது. எனக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் மேளா போதுமாயிருந்தது.

ஜாடி வாங்கவில்லை. ஹோட்டலுக்கு வந்ததும் வீட்டுக்கு போன் போட்டேன்.

"பரணில் பாட்டியோட குத்துவிளக்கு இருக்கில்லே? அதைத் தேய்ச்சு வை. யாருக்கும் கொடுத்துடாதே!"

"இதைச் சொல்லவா ஜப்பானிலேர்ந்து ஐ.எஸ்.டி.?" என்றாள் மனைவி.