வெடிப்பலாவும் சைரந்திரியும்

முக்காலியில் ஜீப் ஏறினால் சைரந்திரி வரை காட்டுப்பாதைதான். பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு. போன வாரம் போய்வந்ததில் இன்னும் கண்ணுக்குள் நிற்பது ஒரு சிங்கவால் குரங்கு. வெடிப்பலாவின் முள்தோலைப் பல்லால் கிழித்து, கொட்டையை வாயில் அதக்கிக்கொண்டு, தோலை எங்கள் பக்கம் விட்டெறிந்தது. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. பார்வையில் துளி மரியாதை கிடையாது.

மாறுவேடத்தில் இருந்தபோது பாஞ்சாலி வைத்துக்கொண்ட பெயர் சைரந்திரி. கீழே ஓடும் ஆறு மாமியார் பெயரில், குந்திப்புழை. பாண்டவர்கள் இங்கேதான் ஒளிந்திருந்தார்களாம். (நம்மூரில் மட்டும் அவர்கள் படுக்காத குகை உண்டா என்ன!)

எழுபதுகளில் அந்த ஆற்றை மறித்து மின்சாரத்துக்கு அணை கட்டப் பார்த்தார்கள். மலையாளக் கவிஞர் சுகதகுமாரி கவிதையோடு எதிர்த்தார். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்கா ஆனது.

அந்தப் போராட்டத்தின் அடையாளமே சிங்கவால் குரங்குதான். ஆனால் இதைக் 'குரங்கு ஜெயித்த கதை' என்று சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம், அணையின் லாப நட்டத்தைக் கணக்குப் போட்டு 1979இல் அறிக்கையே வெளியிட்டது. மின்சாரம் வேண்டாமென்று சொல்லவில்லை. வேறு எப்படித் தயாரிக்கலாம் என்றுதான் வாதாடினார்கள்.