கண்ணுக்குப் புலப்படாத விளக்கு

பொல்லாத சாமர்த்தியசாலியை "அவன் பெரிய எம்டன்" என்று நம்மவர் சொல்வதுண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. கரையில் எரிந்துகொண்டிருந்த நம் விளக்குகளே அதற்குத் துணை செய்தன.

அப்பாடம் வீண்போகவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது சென்னை நடுங்கிற்று. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியதையும், தெருவில் செல்வோர் பீடி நெருப்பைக்கூட உள்ளங்கையால் மறைத்துக்கொண்டதையும் நம் பாட்டியார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கரையிலுள்ளோர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். கடலில் கூட்டமாகச் செல்லும் கப்பல்களுக்கு அது இயலுமா? இருளில் ஒன்றோடொன்று மோதாதிருக்க வேண்டும். திசை மாறும்போது ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவும் வேண்டும். வானொலியில் பேசினால், அலை வரும் திசையை அளந்து பகைவன் இடத்தைக் கண்டுகொள்வான். விளக்கைச் சிமிட்டினாலோ, அவன் கண்ணுக்கே அது தெரிந்துவிடும். ஓர் எழுத்தைச் சொல்வதற்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பணயம் வைக்க வேண்டிய நிலை.

இதற்கு வழி, 1800ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷெல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிரில் இருந்தது. வானவில்லின் சிவப்புக்கு அப்பால், கண் காணாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டார் அவர். தொழிற்சாலை விளக்குகளால் நள்ளிரவிலும் முழு இருளைக் காணாத இந்த ஹெப்பகோடியில், நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தொலைக்காட்சி ரிமோட்டே போதுமானதாயிற்று. அதன் முனையைக் கைப்பேசிக் காமிராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மினுக்கும். பின்புறக் காமிராவில் தெரியாவிடில் முன்புறக் காமிராவில் பாருங்கள். பல கைப்பேசிகளில் அங்கே தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை செய்ததும் இவ்வளவே. 'நான்ஸி' என்று அதற்குச் செல்லப்பெயர். வழக்கமான சமிக்ஞை விளக்கின் மீது, காணும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் மூடியொன்றை மாட்டினர். மோர்ஸ் எழுத்துகள் மாறவில்லை; விளக்கு மட்டும் மறைந்தது. எதிர்க் கப்பலின் கருவிக்குள் அக்கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி, சிறிய திரையில் மோதி, பச்சை நிற ஒளியாக மின்னின.

பகைவனிடமும் அத்தகைய கருவி இருந்தால் இரகசியம் போயிற்று. ஜெர்மானியரும் அந்நாளிலேயே அகச்சிவப்பில் பார்க்கும் கருவிகளைச் செய்திருந்தனர். ஆயினும் நமக்குப் பெரிதாகத் தோன்றும் இடர் வேறு. சாதாரண விளக்குச் சிமிட்டினால் கடைக்கண்ணிலாவது படும். இதுவோ, கருவியைக் கண்ணில் வைத்து, அந்தத் திசையையே நோக்கியிருப்பவனுக்கு மட்டுமே தெரியும். காவல் நிற்பவன் சற்றுக் கருவியை இறக்கினால், தோழக் கப்பல் எத்துணை நேரம் அழைத்தாலும் அவன் முன்னிருப்பது வெறும் இருளே.