சீனக் குதிரையும் அய்யனார் குதிரையும்

பாரீஸில் கிமே மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. ஆசியக் கலைப் பொருட்கள் மட்டும் வைத்திருக்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் குறிப்புகளை வாசிக்க யார் துணையும் தேவைப்படவில்லை.

அங்கே என்னை நிறுத்தி வைத்தது சீனத்துத் தாங் மன்னர் காலத்து (618–907) மண் குதிரைகள். நம் ஊறுகாய் ஜாடியில் பளபளவென்று இருக்குமே, அதுபோல ஒரு கண்ணாடிப் பூச்சு. ஈயம் கலந்த பூச்சு. செம்பு சேர்த்தால் பச்சை, இரும்பு சேர்த்தால் தேன் நிறம். முதலில் மண்ணைச் சுட்டு, பிறகு பூச்சு கொடுத்து, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். சூளையில் பூச்சு உருகி வழிந்த கோடுகூட அப்படியே தெரிகிறது. இவ்வளவு அழகையும் செய்தது மண்ணுக்குள் புதைக்கத்தான். பெரிய மனிதர்களின் கல்லறையில் துணைக்கு வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லோயாங் பக்கம் ரயில் பாதைக்குத் தோண்டியபோதுதான் ஏராளமாக வெளியே வந்தன.

நம் அய்யனார் குதிரை நேர்மாறு. பூச்சு கிடையாது, புதைப்பதும் கிடையாது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, காலைக் குழாய் மாதிரி உள்ளே வெற்றிடமாக வனைந்து, அதன்மேல் உடம்பை ஏற்றுவார். வைக்கோலும் விறகும் போட்டுச் சுடுவார். திருவிழாவன்று தோளில் தூக்கிப் போய்க் கோயிலில் நிறுத்திவிட்டால் அதன்பின் வெயிலும் மழையும்தான். பழையது கரைய, புதியது வரும்.

குதிரை நம் மண்ணில் சரியாக வளர்ந்த பிராணியும் அல்ல. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் கடல் வழியாகக் குதிரை வாங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மன்னனுக்கே நிலைக்காததைக் குயவர் சாமிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்!

இப்போது என் அம்மா ஊரில், மண் குதிரை உடைகிறது, சிமெண்டில் செய்து பெயிண்ட் அடித்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடக்கிறது. சிமெண்டுக்குத்தான் கை அதிகம். தேவர்சோலை மழையில் உட்கார்ந்துகொண்டு நான் மண் பக்கம் வாக்களித்தேன். சிமெண்டு நூறு வருஷம் நிற்கட்டும். அந்த நூறு வருஷமும் வேளார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேலை? இதைக் கேட்டு எழுதினேன். ஒருவரும் இன்னும் பதில் போடவில்லை. என் பங்கு பணத்தை, மண் குதிரைக்கு மட்டும் என்று குறித்து அனுப்பியிருக்கிறேன்.