எம்மூர்ப் பள்ளிக்கூடம்

சிற்றூர்ப் பள்ளிக்கூடம் யாருடையது என வினவின், அரசினருடையது என்று விடை கூறுவார் பலர். கட்டடமும் ஆசிரியர் ஊதியமும் அரசினர் தருவனவே. ஆயினும், ஊரார் தமதென்று பேணாதவழி அப்பள்ளி நெடுநாள் நிலைபெறாது என்பது எமது துணிபு. அதற்குக் காரணமாக யாம் கண்டவற்றை ஈண்டு உரைப்பாம்.

யாம் பயின்றது, தேரி மணலை அடுத்த சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. வகுப்புக்கள் ஐந்து, ஆசிரியைகள் இருவர். பனையேறுவார், உழவர், கடைக்காரர் ஆகிய எல்லார் மக்களும் அங்கே ஒருங்கு பயின்றனர். நண்பகலில் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டோம். வீட்டில் எவ்வாறிருப்பினும், அப்பந்தியில் உயர்வு தாழ்வு இல்லை.

அப்பந்திக்கு ஒரு வரலாறு உண்டு. 1956-இல், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், மதிய உணவுத் திட்டம் பொதுமக்களின் கொடையைத் துணைக்கொண்டு தொடங்கிற்று. 1958 முதல், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் தத்தம் பள்ளிக்குக் கட்டடமும் பலகையும் பிறவும் ஈந்தனர். எம் பள்ளியின் பழைய கூரைக்குப் பனங்கை தந்தோர் எம்மூர்ப் பனையேறிகளே என முதியோர் இன்றும் கூறுவர். 1982-இல் சத்துணவுத் திட்டமும், 2022-இற் காலை உணவுத் திட்டமும் அவ்வழியே வந்தன.

யாம் மூன்றாம் வகுப்பிற் பயின்ற காலை, கால்கள் வலுவற்ற சிறுமி ஒருத்தி முதல் வகுப்பிற் சேர்ந்தாள். அவள் அன்னையார் நாடோறும் அவளை இடுப்பிற் சுமந்து, வாயிலின் நான்கு படிகளையும் ஏறி, வகுப்பில் அமர்த்திவிட்டு வேலைக்கு விரைவார். பிள்ளை வளர வளரச் சுமை மிகுந்தது. இனிப் பள்ளியினின்று நிறுத்துதலே வழி என அவர் கண் கலங்கினார்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். எம் பள்ளிக் குழு கூடியபொழுது தலைமையாசிரியை இச்செய்தியை எடுத்துரைத்தார். நகரத்துச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புதல் நன்று என்றார் ஒருவர். “கூட விளையாடும் பிள்ளைகளை விட்டு அவள் எங்கே போவாள்?” என்றார் சத்துணவு சமைக்கும் அம்மையார். சிறிது நேரம் எவரும் பேசிலர். பின்பு கொத்தனாராகிய ஒரு தந்தை எழுந்து, “ஒரு நாட்கூலிதானே, டீச்சரம்மா! ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்” என்றார்.

வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லை ஒருவர் தந்தார். கடைக்காரர் சிமெண்டு தந்தார். யாம் கோயில் ஆராதனை முடிந்ததும் ஓடிச் சென்று செங்கல் சுமந்தோம். பொழுது சாயுமுன் படிகளின் பக்கத்தே ஒரு சாய்தளம் எழுந்தது. அச்சிறுமியின் சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கு எம்முள் நாடோறும் போட்டி நிகழும். அரிசி மூட்டைகளும் அவ்வழியே உள்ளே சென்றன. பின்னர் ஒரு தேர்தலில் எம் பள்ளி வாக்குச்சாவடியாயிற்று. கோலூன்றிய பாட்டியர் அதன் வழியே ஏறி வாக்களித்தனர். ஒருத்திக்கெனக் கட்டியது ஊர்க்கெல்லாம் பயன்பட்டது.

இன்று எம்மூர்த் தெருவிற் காலைதோறும் தனியார் பள்ளி வண்டிகள் வந்து நிற்கின்றன. எம் காலத்தில் இரு வரிசையாய் அமர்ந்த பந்தி, இப்பொழுது ஒரு வரிசைக்கும் நிரம்புவதில்லை. தம் மக்கள் ஆங்கிலம் பேசல் வேண்டுமென விரும்பும் பெற்றோரை யாம் குறை கூறோம். ஆயின் கொத்தனாரும் கடைக்காரரும் தம் பிள்ளைகளை வேறிடத்திற்கு அனுப்பிவிடின், அக்குழுவில் எழுந்து பேசுவார் யார்? வண்டிக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்கும், நடக்க இயலாத பிள்ளைக்கும் அண்மைப் பள்ளியையன்றி வேறு புகல் யாது?

அச்சிறுமி இன்று பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளியிற் பதினொன்றாம் வகுப்புப் பயில்கின்றாள். நம் கல்லூரியிலும் இத்தகைய ஊர்ப் பள்ளிகளினின்று வந்தோர் பலர் உளர். நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது, நீவிர் பயின்ற பள்ளியினுள் ஒருமுறை நுழைமின். பிள்ளைகளுக்கு ஒரு கதை படித்துக் காட்டுமின். பெற்றோரிடம் நீவிர் அங்கே கற்றதனைச் சொல்லுமின். அவ்வொரு நாட்கூலியை நாமும் கொடுத்தல் தகும்.