பெரியம்மாவின் பியட்டுக்கு ஒரு ஜோடி

ஈரோட்டுக்குப் போகிறேன் என்றால் போதும், சிநேகிதிகள் உடனே பட்டியல் கொடுத்துவிடுவார்கள். கனி மார்க்கெட்டில் போர்வை, பவானி ஜமக்காளம், ஒரு கிலோ விரலி மஞ்சள்! இந்தத் தடவை நான் போன காரியமே வேறு. ஒரு கார் எஞ்சின் பார்ப்பதற்காகப் போனேன் என்றால் நம்புவீர்களா?

விடியற்காலையில் ஈரோடு ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால், வழக்கமாக ஒரு வெள்ளை பியட் கார் காத்திருக்கும். உள்ளே பெரியம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை ஆட்டோவில் வந்திருந்தார்.

"வா கண்ணு. நம்ம வண்டி படுத்துக்கிச்சு" என்றார், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதுபோல.

அது பெரியப்பா 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. பம்பாயில் குர்லா தொழிற்சாலையில் தயாரானது. 1964-இல் இங்கே வந்த பியட் 1100-டி காருக்குத்தான் பத்து வருஷம் கழித்துப் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கொங்கு நாட்டில் யார் அதைப் பத்மினி என்றார்கள்? அன்றும் பியட், இன்றும் பியட்! பெரியப்பா காலமான பிறகு, 52-ஆம் வயதில், பெரியம்மா இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். இப்போது வயது 68. காலிங்கராயன் கால்வாய்க் கரையில் இருக்கும் மஞ்சள் காட்டுக்குப் போகவும், அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போகவும் அவர் யார் தயவையும் எதிர்பார்ப்பதில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன், "எடைக்குப் போட்டுவிடலாம் அம்மா, கூப்பிட்டால் வாடகைக் கார் வருகிறது" என்று சொல்லிவிட்டான். பெரியம்மா மஞ்சள் விற்ற பணத்தை எடுத்து என்னிடம் காட்டினார். "இதுக்குள்ள முடிஞ்சாப் பாக்கலாம் கண்ணு. மேக்கொண்டு கடன் வாங்க மாட்டேன். ஓட்டுக் கூரையும் ஒழுகுது" என்றார்.

சந்தையில் கேட்ட பாடம்

அன்று வியாழக்கிழமை. பட்டறைக்குப் போகும் வழியில் கருங்கல்பாளையத்தில் மாட்டுச் சந்தை கூடியிருந்தது. காவிரிக் கரைப் பக்கம் கேட்க வேண்டுமா? ஒரே தூசி, சலங்கைச் சத்தம், டீக்கடைப் புகை! கறவை மாடுகள்தான் அதிகம். ஒரு பக்கம் சில வண்டி மாடுகளும் நின்றன. விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டு. உள்ளே விரல்கள் பேசுகின்றன.

ஒரு விவசாயி அருமையான காளை ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று நகர்ந்துவிட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏன், மாட்டில் ஏதாவது குறையா?" என்று கேட்டேன்.

"மாட்டுல ஒரு குறையும் இல்லீங். என்ற ஊட்டுல ஒத்தைக் காளை நிக்குது. அதுக்கு இது ஜோடி சேராதுங். ஒசரமும் பலமும் ஒத்து வரோணும். இல்லாட்டி நுகத்தடி ஒரு பக்கமா இழுக்கும், அதுவும் கெட்டுப்போகும்" என்றார்.

மாட்டைப் பற்றிச் சொன்னது காருக்கும் பொருந்தும் என்பது பட்டறைக்குப் போன பிறகுதான் விளங்கிற்று.

நான்கு வழிகள்

பட்டறையில் எஞ்சினை இறக்கிப் பிரித்து வைத்திருந்தார்கள். மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பியட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துப் பூட்டக்கூடியவர்.

"ஏனுங்கம்மா, இது 1089 சி.சி. எஞ்சினுங். சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர். ஏற்கெனவே ரெண்டு தடவை கடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டாச்சு. இன்னொரு தடவை கடைஞ்சாச் சுவர் தாங்காதுங். வேற எஞ்சின்தான் பாக்கோணும்."

எந்த எஞ்சின்? அவர் ஒவ்வொன்றாக விவரித்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலாவது, டீசல் எஞ்சின். ஒரு காலத்தில் அம்பாஸிடர் காரில் மடடார் வேனின் டீசல் எஞ்சினை மாட்டி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். பெட்ரோலைவிட டீசல் மிகவும் மலிவாக விற்ற காலம் அது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அந்த லாபம் சுருங்கிவிட்டது. தவிர, டீசல் எஞ்சின் காற்றை மிக அதிகமாக அழுத்தி வேலை செய்வதால் கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பியட்டின் முன்பக்கம் அந்தப் பாரத்தில் தாழ்ந்துவிடும்; ஸ்டியரிங் கனக்கும்; வண்டி முழுவதும் அதிரும். 68 வயதுக் கைகளுக்கு அது ஆகுமா?

இரண்டாவது, மாருதி எஞ்சின். மாருதி 800-இன் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களை ஓட்டுகிறது. பியட்டிலோ எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின் சக்கரங்களை ஓட்டுகிறது. ஆம்னியும் பின் சக்கர வண்டிதான். ஆனால் அதன் 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் சாய்ந்து படுத்திருக்கும். அதை பானெட்டுக்குள் நிமிர்த்தி வைத்து, கியர் பாக்ஸுடன் சேர்க்க இரும்புத் தகடு கடைந்து, மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். "எஞ்சின் விலை ஒரு பங்குன்னா, மாட்டற செலவு ரெண்டு பங்குங்" என்று சிரித்தார் மேஸ்திரி.

மூன்றாவது, மின்சார மோட்டார். சட்டம் அனுமதிக்கிறது; ஆனால் அங்கீகாரம் பெற்ற சாதனமாக இருக்க வேண்டும். செலவு லட்சக் கணக்கில் போகும்! பெரியம்மா கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டார்.

நான்காவது, இதே ஜாதி எஞ்சின். பிரித்து விற்ற இன்னொரு பத்மினியிலிருந்து எடுத்தது. அதே நான்கு கியர், அதே டிரம் பிரேக், அதே போல்ட் துளைகள். புதிதாக எதுவும் கடைய வேண்டாம்.

"பலமான எஞ்சின் போட்டா ஓடுமுங். நிக்கோணுமே? பிரேக்கு பழசுதானுங்களே!" என்றார் மேஸ்திரி. எனக்குச் சந்தைக் காளை ஞாபகம் வந்தது. 1990-களில் அம்பாஸிடருக்கு 1817 சி.சி. இசுஸு எஞ்சின் வைத்த கம்பெனியே ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்துத்தான் வைத்தது. தயாரித்தவர்களுக்கே ஜோடி பார்க்க வேண்டியிருந்தது!

காகிதமும் பார்க்க வேண்டும்

எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் அமைத்த அடிப்படைக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியது. வேறு ஜாதி எஞ்சினைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டால், ஒரு விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸில் வம்பு வரலாம். அதே ஜாதி எஞ்சினுக்கும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து, ரசீதைக் காட்டிப் புது எண்ணைப் பதிய வேண்டும். ரசீது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் தொடக் கூடாது. அது எந்தத் திருட்டு வண்டியிலிருந்து வந்ததோ, யார் கண்டது?

சரி, பத்மினி எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "மெட்ராஸ் புதுப்பேட்டையிலதானுங்" என்றார் மேஸ்திரி. நான் ராத்திரி முழுக்க ரயிலில் கண் விழித்து வந்தது, என் ஊரிலேயே இருக்கும் சாமானைக் கேட்டுப் போகவா!

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் அவரே சொல்லி அனுப்பினார். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்; நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடி வந்துவிட வேண்டும். புதுப்பேட்டையில் இரண்டு எஞ்சின்களை வேண்டாம் என்று தள்ளினேன். மூன்றாவது தேறிற்று. ரசீதுடன் லாரியில் ஏற்றி அனுப்பினேன்.

மறுபடியும் ஈரோடு

இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஜங்ஷன் வாசலில் வெள்ளை பியட் நின்றது! இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்திருப்பதால், மேஸ்திரி பெட்ரோல் குழாய்களின் பழைய ரப்பரையெல்லாம் மாற்றியிருந்தார். அதையும் சேர்த்துச் செலவு மஞ்சள் பணத்துக்குள் அடங்கிவிட்டது. மிச்சத்தில் பாதிக் கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று.

நேரே பவானிக்கு, 15 கிலோமீட்டர். வழியெல்லாம் காலிங்கராயன் பாய்ச்சலில் மஞ்சள் பச்சைப் பசேலென்று நின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால், சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இன்றும் ஓடுகிறது. கூடுதுறையில் கும்பிட்டுவிட்டு வந்து, பெரியம்மா பின்னால் குனிந்து புகைக்குழாயை ஒரு விரலால் துடைத்துப் பார்த்தார்.

"எண்ணெய்ப் பிசுக்கு இல்ல கண்ணு" என்று விரலை என்னிடம் நீட்டினார். "பையன் போன் பண்ணினான். பொங்கலுக்கு வரானாமா. ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

திரும்பும்போது சிநேகிதிகளின் ஜமக்காளங்கள் டிக்கியில் கிடந்தன. ஆட்டோக்காரர்கள் இருவர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். பெரியம்மா பதிலுக்கு ஹாரன் அடித்தார். இரண்டு தடவை!