தொடையில் ஊன்றிய கை

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது அதில் பாதிக்குமேல் முடிந்திருக்கும். ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, இடம் கிடைத்த பக்கம் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். பேச்செல்லாம் முட்டிவலியைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் எழுந்திருக்கும்போது பாருங்கள். வயதான அம்மாக்கள் பலர் முட்டிக்குச் சற்று மேலே, தொடையில் உள்ளங்கையை ஊன்றி, அழுத்தி, அப்புறம்தான் நிமிர்வார்கள்.

தொடைச்சதை செய்ய வேண்டிய வேலையை அந்தக் கை செய்கிறது. முன்தொடையில் இருப்பது நாற்றலைத் தசை; டாக்டர்கள் குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நான்கு சதைகளில் மூன்று தொடையெலும்பில் தொடங்குகின்றன, ஒன்று இடுப்பெலும்பிலிருந்தே இறங்குகிறது. நான்கும் ஒன்றாகி முட்டிச்சில்லைப் பற்றிக்கொண்டு, முட்டிக்குக் கீழுள்ள எலும்பில் போய் ஒட்டுகின்றன. மடங்கிய காலை நிமிர்த்துவது இவைதான். இவை மெலிந்தால் கை தொடையைப் பின்னுக்குத் தள்ளி முட்டியை நிமிர்த்திக் கொடுக்கிறது.

முட்டி வலிக்கிறதென்று நடையைக் குறைப்போம். நடை குறைந்தால் சதை வற்றும். சதை வற்றினால் பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் இந்தச் சுழலில்தான் கட்டிலோடு முடங்குகிறார்கள். எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம். தைலம் தேய்த்துவிடுகிறோம், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து பழகச் சொல்வதில்லை.

பின்தொடைச் சதையை யாரும் நினைப்பதேயில்லை. முன்னால் வீசிய காலை, குதிகால் தரையில் படுமுன் இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைப்பது அதுதான். ஒவ்வோர் அடிக்கும் அது நடக்கிறது.

மலையேறுகிறவர்களின் கதை வேறு. கார்த்திகை தீபக் கொப்பரையை 2,668 அடி உயரத்துக்குச் சுமந்து போகிறவர்களுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். தொடை அதிகம் அடிபடுவது இறங்கும்போது. படிக்குப் படி உடம்பு கீழே சரிகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் முன்தொடைச் சதை, சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. அந்த இழுபறியில் நார்களில் நுண்ணிய சிதைவு உண்டாகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் குத்தவைத்து உட்கார முடியாது. பயப்பட வேண்டாம், மெதுவாக நடமாடினாலே சில நாளில் சரியாகும். தொடை வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.